போலி இன்டரப்ட்டுகளைத் தடுப்பது எப்படி: டிரைவர் எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

கருவி ஒன்று சிபியூவின் கவனத்தைக் கேட்டு அனுப்பும் சைகைதான் இன்டரப்ட்; அது வந்ததும் ஓடும் டிரைவர் சார்பு ஹேண்ட்லர்; எந்த ஹேண்ட்லருக்கும் வேலை இல்லாமல் வருவது போலி இன்டரப்ட். லினக்ஸ் கெர்னல் லாகில் "ஐஆர்க்யூ 19: நோபடி கேர்டு" என்று ஒரு வரி, அதன் கீழே ஸ்டாக் டிரேஸ், கடைசியில் "டிஸேபிளிங் ஐஆர்க்யூ 19". இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று பொருள். ஐஆர்க்யூ 19 என்ற அந்த இன்டரப்ட் லைனில் வந்த 1,00,000 இன்டரப்ட்டுகளில் 99,900க்கும் மேற்பட்டவற்றை எந்த ஹேண்ட்லரும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் கெர்னல் லைனையே மூடிவிட்டது. அதே லைனைப் பகிர்ந்துகொண்டிருந்த டிஸ்க் கன்ட்ரோலரோ நெட்வொர்க் கார்டோ ஒரு தவறும் செய்யாமல் கூடவே முடங்கும்.

ஆனால் பெரும்பாலான போலி இன்டரப்ட்டுகள் இந்த எல்லையைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு நிஜ இன்டரப்ட்டுக்கும் பின்னால் ஒரு வெற்று இன்டரப்ட் சத்தமில்லாமல் வந்து, சிபியூ நேரத்தைத் தின்றுவிட்டுப் போகும். யாரும் லாகைப் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் லாகில் எதுவும் இருக்காது.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்தச் சிக்கலுக்குப் பலரும் செய்யும் 'திருத்தம்' ஒன்று உண்டு: எது வந்தாலும் ஹேண்ட்லரிலிருந்து ஐஆர்க்யூ_ஹேண்டில்டு ('என்னுடையது, கவனித்தேன்') என்று திருப்பிவிடுவது. லாகில் அந்த வரி மறையும், நோய் அப்படியே இருக்கும். மேலே சொன்ன 99,900 கணக்குதான் லெவல் லைன் (மின்னழுத்தம் ஒரு நிலையில் நிற்கும் வரை இன்டரப்ட் தரும் லைன்) ஒன்று சிக்கிக்கொண்டால் இயந்திரத்தைக் காப்பாற்றும் ஒரே வால்வு. ஹேண்ட்லர் பொய் சொன்னால் அந்த வால்வு திறக்காது. சிபியூ ஒரே இன்டரப்ட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்து, கணினி மொத்தமாக உறையும். கீழே சொல்லும் எந்தப் படியிலும் இந்தக் குறுக்குவழி கிடையாது.

படி 1: எந்த வகை என்று முதலில் அளந்து பாருங்கள்

/ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பை ஒரு விநாடி இடைவெளியில் இரண்டு முறை படித்து, உங்கள் லைனின் எண்ணிக்கை எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். கருவி உண்மையில் எத்தனை நிகழ்வுகளை உண்டாக்கியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்தது /ப்ராக்/ஐஆர்க்யூ/19/ஸ்பூரியஸ் கோப்பு. மொத்த எண்ணிக்கை, யாரும் ஏற்காதவை, கடைசியாக ஏற்கப்படாத நேரம் என மூன்று வரிகள் இருக்கும். இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டுமானால் கெர்னலின் தடம் பதியும் வசதியான எஃப்டிரேஸில் ஐஆர்க்யூ_ஹேண்ட்லர்_என்ட்ரி, ஐஆர்க்யூ_ஹேண்ட்லர்_எக்ஸிட் என்ற இரண்டு டிரேஸ் நிகழ்வுகளையும் இயக்குங்கள். எக்ஸிட் வரியில் ஹேண்டில்டா, அன்ஹேண்டில்டா என்பது தெரியும். பகிர்ந்த லைனில் ஒரு ஹேண்ட்லர் 'என்னுடையதல்ல' என்பது இயல்பு; அந்தச் சுற்றில் எல்லா ஹேண்ட்லரும் அப்படிச் சொன்னால்தான் அது போலி.

வருகிற விதமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு நிஜத்துக்கும் பின்னால் சில மைக்ரோ விநாடிகளில் ஒரு வெற்று வந்தால் படி 5க்குப் போங்கள். டிரைவர் ஏறிய நொடியிலிருந்தே புயலாக வந்தால் படி 2 அல்லது 3. சஸ்பெண்ட், ரெஸ்யூம் சமயத்தில் மட்டும் என்றால் படி 7. ரிலேயோ மோட்டாரோ இயங்கும்போது மட்டும் வந்தால் டிரைவரை விட்டுவிட்டு அசிலோஸ்கோப்பை எடுங்கள்.

படி 2: லெவலா எட்ஜா, மேலா கீழா

லெவல் என்பது லைன் நிற்கும் நிலை, எட்ஜ் என்பது அது மாறும் கணம். போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் டிரீயில் இன்டரப்ட் வகைக்கு நான்கு எண்கள்: ஏறும் எட்ஜுக்கு 1, இறங்கும் எட்ஜுக்கு 2, உயர் லெவலுக்கு 4, தாழ் லெவலுக்கு 8. கருவியின் பின் சும்மா இருக்கும்போது உயர்நிலையில் நின்று, இன்டரப்ட் வரும்போது தாழும் என்றால் 8 போட வேண்டும். தவறி 4 போட்டுவிட்டால், கருவி சும்மா இருக்கும் நேரமெல்லாம் இன்டரப்ட்தான். ஆர்ம் ஜிஐசி இன்டரப்ட் கன்ட்ரோலரின் எஸ்பிஐ வகை (பகிரப்பட்ட கருவி இன்டரப்ட்) லைன்கள் ஏறும் எட்ஜையும் உயர் லெவலையும் மட்டுமே ஏற்கும். தாழ் லெவல் கருவியை அதில் நேரடியாகச் சேர்க்க முடியாது; நடுவில் தலைகீழாக்கும் சுற்று ஒன்று வேண்டும், சிப்புக்குள் இருந்தாலும் சரி, போர்டில் இருந்தாலும் சரி.

டிரைவருக்குள் டிரிகர் வகையை எழுதிவைக்கும் பழக்கத்தை விடுங்கள். ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூ அழைப்பில் டிரிகர் ஃபிளாக் எதுவும் தராவிட்டால் டிவைஸ் டிரீயில் உள்ளதே நிற்கும். தந்தால் அதை மேலெழுதிவிடும். ஒரு போர்டில் சரியாக ஓடிய டிரைவர் இன்னொரு போர்டில் புயல் கிளப்புவதற்கு இது அடிக்கடி காரணம்.

ஜிபிஐஓ (பொதுப் பயன்) பின்னை இன்டரப்ட்டாக்கும்போது, லைனை உயர்நிலைக்கு இழுக்கும் புல்-அப் இழுவை, பின் பணி, டிரிகர் வகை எல்லாவற்றையும் முதலில் அமைத்துவிடுங்கள். பின் நிலைகொண்ட பிறகு பென்டிங் ஃபிளாகைத் துடைத்துவிட்டு, கடைசியாக இயக்குங்கள். இந்த அமைப்பு வேலையே ஒரு பொய் எட்ஜை உண்டாக்கும்.

படி 3: ப்ரோப் (டிரைவர் கருவியை முதலில் ஏற்கும் சார்பு) வரிசை

இங்கே வரிசைதான் எல்லாம். ஃபர்ம்வேரோ, முன்பு ஓடிய கெர்னலோ கருவியை எந்த நிலையில் விட்டுப்போனது என்று உங்களுக்குத் தெரியாது. விழுந்த கெர்னலின் நினைவகத்தைச் சேமிக்க இன்னொரு கெர்னலை எழுப்பும் கேடம்ப் போன்ற சூழலில் பழைய கெர்னல் செத்த நிலையிலேயே புதியது எழுகிறது. கருவிக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு இன்டரப்ட் அனுப்பிக்கொண்டிருக்கும்.

1. கருவிக்கு ரீசெட் வசதி இருந்தால் ரீசெட் செய்து, முடியும் வரை காத்திருங்கள்.
2. எந்த நிகழ்வுக்கு இன்டரப்ட் அனுப்பலாம் என்று சொல்லும் எனேபிள் ரெஜிஸ்டரில் 0 எழுதுங்கள்.
3. எது நிகழ்ந்தது என்று காட்டும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் தேங்கிய பிட்டுகளைத் துடையுங்கள்.
4. ஒரு ரெஜிஸ்டரைத் திரும்பப் படியுங்கள். எதற்கு என்று படி 5இல் பார்ப்போம்.
5. லாக், வெயிட் க்யூ, பஃபர் என ஹேண்ட்லர் தொடும் எல்லாவற்றையும் தயார் செய்யுங்கள்.
6. இப்போது ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூ.
7. எனேபிள் ரெஜிஸ்டரில் உரிய பிட்டுகளை எழுதுங்கள்.

ஐந்தையும் ஆறையும் மாற்றிப்போடுவது வழக்கமான பிழை. பகிர்ந்த லைனில் பதிவு செய்த அதே நொடியில் பக்கத்துக் கருவியின் இன்டரப்ட்டுக்காக உங்கள் ஹேண்ட்லர் அழைக்கப்படலாம். உங்கள் கருவி அமைதியாக இருப்பது இங்கே உதவாது. பதிவு செய்ததும் லைனை இயக்காமல் வைக்கும் ஐஆர்க்யூஎஃப்_நோ_ஆட்டோஎன் ஃபிளாகைப் போட்டுத் தப்பலாமே என்று தோன்றும். பகிர்ந்த லைனுக்கு அதைக் கெர்னல் ஏற்காது, பிழை எண்ணைத் திருப்பிவிடும்.

டிரைவரின் ஷட்டவுன் கால்பேக்கிலும் எனேபிள் ரெஜிஸ்டரை 0 ஆக்குங்கள். கேஎக்செக் (ஓடும் கெர்னலிலிருந்தே புதிய கெர்னலுக்குத் தாவும் வழி) வழியாக அடுத்து எழும் கெர்னலுக்குச் செய்யும் உபகாரம் அது.

படி 4: ஹேண்ட்லரின் முதல் மூன்று வரிகள்

ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் 16ஆவது பைட்டில், எனேபிள் ரெஜிஸ்டர் 20ஆவது பைட்டில் இருக்கிறது. எனேபிளில் 5 எழுதியிருக்கிறோம். அதாவது 0ஆவது, 2ஆவது பிட்டுகள் மட்டும். ஹேண்ட்லர் அழைக்கப்படுகிறது, ஸ்டேட்டஸ் 2 என்று காட்டுகிறது. 1ஆவது பிட் நிகழ்ந்திருக்கிறது, ஆனால் அதை நாம் இயக்கவே இல்லை. பல கருவிகளில் இயக்காத நிகழ்வும் ஸ்டேட்டஸில் தெரியும்.

ஸ்டேட்டஸ் பூஜ்யம் இல்லையே, நம்முடையதுதான் என்று ஏற்றுக்கொண்டால் பக்கத்துக் கருவி எழுப்பிய இன்டரப்ட்டை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். அந்தக் கருவிக்கு டிரைவர் ஏறவில்லை என்றால் லைன் இறங்கவே இறங்காது. நாமோ 'முடித்தேன், முடித்தேன்' என்று சொல்லிக்கொண்டே இருப்போம். ஆகவே ஸ்டேட்டஸை எனேபிளோடு ஆண்ட் செய்து பாருங்கள்: 2 ஆண்ட் 5 என்றால் 0, அதாவது நம்முடையதல்ல. விடை ஐஆர்க்யூ_நன்.

அடுத்த சோதனை, படித்த 32 பிட்டும் 1 ஆக இருக்கிறதா என்பது. பிசிஐ கருவி பிடுங்கப்பட்டாலோ, மின்சாரம் குறைத்து உறங்கினாலோ படிப்பவை அப்படித்தான் வரும். இதைப் பார்க்காத ஹேண்ட்லர், எல்லா நிகழ்வும் ஒரே சமயத்தில் நடந்ததாக நம்பி இல்லாத டேட்டாவை எடுக்கக் கிளம்பும். இங்கும் விடை ஐஆர்க்யூ_நன்தான்.

மூன்றாவது, துடைப்பது. 1 எழுதினால் துடைபடும் வகை ரெஜிஸ்டர் என்றால், இப்போது படித்து, கவனிக்கப்போகும் பிட்டுகளை மட்டும் திருப்பி எழுதுங்கள். படித்து, ஒரு பிட்டை ஆர் செய்து எழுதும் வழக்கமான முறை இங்கே நஞ்சு: அப்போது 1 ஆக இருந்த எல்லா பிட்டும் துடைபட்டு, கவனிக்கப்படாத நிகழ்வுகளும் தொலைந்துபோகும்.

எப்போது துடைப்பது என்பது நிகழ்வைப் பொறுத்தது. ஒருமுறை நடந்து பதிவாகும் நிகழ்வென்றால் முதலில் துடைத்து, பிறகு வேலையைப் பாருங்கள். நடுவில் புதிதாக வந்தது தப்பாது. சீரியல் போர்ட்டான யுஏஆர்டியின் ரிசீவ் ஃபிஃபோ (வந்த பைட்டுகள் காத்திருக்கும் வரிசை) போல, உள்ளே சரக்கு இருக்கும் வரை பிட் உயர்ந்தே நிற்கும் வகையென்றால் முதலில் காலி செய்யுங்கள். நிரம்பிய ஃபிஃபோவைத் துடைத்துப் பயனில்லை.

படித்தாலே துடைபடும் ரெஜிஸ்டர்கள் தனி ரகம். ஹேண்ட்லரைத் தவிர வேறு எங்கே படித்தாலும் நிகழ்வு திருடுபோகும். ஹேண்ட்லர் வந்து பார்க்கும்போது வெறும் பூஜ்யம் இருக்கும். ரெஜிஸ்டர்களை அணுகும் கெர்னல் நூலகமான ரெக்மேப்பைப் பயன்படுத்தும் டிரைவரில், பிழை தேடுவதற்கான கோப்பமைப்பான டீபக்எஃப்எஸ் வழியாக ரெஜிஸ்டர் பட்டியலைப் பார்ப்பதுகூட ஒரு படிப்புதான். அத்தகைய ரெஜிஸ்டர்களை 'ப்ரெஷியஸ்' என்று ரெக்மேப்பில் குறித்துவிட்டால் டீபக்எஃப்எஸ் அவற்றைத் தொடாது.

படி 5: எழுதியது போய்ச் சேர்ந்ததா

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். பிசிஐ பஸ்ஸில் எழுதுவது 'போஸ்ட்' செய்யப்படும். சிபியூவைப் பொறுத்தவரை எழுதும் கட்டளை முடிந்துவிட்டது. டேட்டா இன்னும் ஏதோ ஒரு பிரிட்ஜின் பஃபரில் கருவியை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. லெவல் லைனில் இதன் விளைவைக் காட்சி காட்சியாகப் பார்ப்போம்.

கருவி லைனை இழுக்கிறது. ஹேண்ட்லர் ஸ்டேட்டஸைப் படிக்கிறது: 1. வேலையை முடித்துவிட்டு, கடைசி வரியாகத் துடைக்கும் மதிப்பை எழுதி, ஐஆர்க்யூ_ஹேண்டில்டு என்று திரும்புகிறது. கெர்னல் இன்டரப்ட் கன்ட்ரோலருக்கு முடிந்தது என்ற செய்தியை எழுதுகிறது. கன்ட்ரோலர் சிபியூவுக்கு அருகில் இருப்பதால் அது உடனே போய்ச் சேரும். துடைக்கும் எழுத்து இன்னும் வழியில் இருக்கிறது, லைன் இறங்கவில்லை. கன்ட்ரோலர் 'மறுபடியும் இன்டரப்ட்' என்கிறது. ஹேண்ட்லர் இரண்டாம் முறை நுழைந்து ஸ்டேட்டஸைப் படிக்கிறது. பிசிஐ விதிப்படி படிப்பு, முன்னால் போன எழுத்தைத் தாண்டாது. அதைத் தள்ளிக்கொண்டே போகும். ஆக, படிப்பு கருவியை அடையும்போது துடைப்பும் நடந்து முடிந்திருக்கும். கிடைக்கும் மதிப்பு 0, விடை ஐஆர்க்யூ_நன்.

குற்றவாளி தடயத்தைத் தானே அழித்துவிட்டுப் போகிறான். எண்ணிக்கையில் நிஜம் பாதி, போலி பாதி என்பதால் 99,900 எல்லையும் தட்டுப்படாது. ஹேண்ட்லரில் லாகுக்கு எழுதும் பிரின்ட்கே ஒன்றைப் போட்டதும் சிக்கல் மறைந்துவிடும். அந்தத் தாமதத்தில் எழுத்து போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தீர்வு: துடைத்து எழுதிய பிறகு, திரும்பும் முன், அதே கருவியின் ஒரு ரெஜிஸ்டரைப் படியுங்கள். பக்கவிளைவு இல்லாத எனேபிள் ரெஜிஸ்டர் போதும். வேறு கருவியைப் படித்துப் பயனில்லை. ரெஜிஸ்டரில் எழுதும் ரைட்எல் சார்பில் தடுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அது எழுத்துகளின் வரிசையைக் காக்கும். கருவியை அடையும் வரை காத்திராது. இந்தக் கூடுதல் படிப்பு செலவாகத் தோன்றினால், துடைப்பதை ஹேண்ட்லரின் தொடக்கத்துக்கே கொண்டுபோங்கள். அதன் பிறகு அந்தக் கருவியிலிருந்து படிக்கும் எந்த ரெஜிஸ்டரும் இதே வேலையைச் செய்துவிடும்.

கார்டெக்ஸ்-எம் மைக்ரோகன்ட்ரோலரிலும் கதை இதேதான், அளவு சிறியது. ஃபிளாகை ஐஎஸ்ஆரின் (அங்கே ஹேண்ட்லருக்குப் பெயர்) கடைசி வரியில் துடைத்தால், ரைட் பஃபரிலிருந்து அது வெளியேறும் முன்னே ஐஎஸ்ஆர் முடிந்து, உடனே மறுபடி நுழையும். முதல் வரியில் துடையுங்கள். முடியாவிட்டால் துடைத்த பின், முந்தைய எழுத்துகள் முடியக் காத்திருக்கும் டிஎஸ்பி கட்டளை போடுங்கள். அப்படியும் வந்தால், ஃபிளாக் ரெஜிஸ்டரைத் திரும்பப் படிப்பதே உறுதியான வழி.

படி 6: திரெட்டும் நேப்பியும்

ஐ2சி, எஸ்பிஐ என்ற தொடர் பஸ்களில் (படி 2இன் எஸ்பிஐ வேறு) உள்ள கருவிகளின் ஸ்டேட்டஸைப் படிக்கத் தூங்க வேண்டியிருக்கும், ஆகவே தூங்கக்கூடிய திரெட் ஹேண்ட்லர்தான். லெவல் லைனில் அந்தத் திரெட் ஓடி முடியும் வரை லைன் மூடியே இருக்க வேண்டும், அதற்குத்தான் ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட். முதன்மை ஹேண்ட்லர் தராமல் இந்த ஃபிளாகையும் விட்டுவிட்டால் கெர்னல் பொதுவாகப் பதிவையே மறுத்துவிடும். முதன்மை ஹேண்ட்லரை நீங்களே எழுதினால் கெர்னல் காப்பாற்றாது: கருவியின் எனேபிளை 0 ஆக்கி, திரும்பப் படித்து, பிறகே ஐஆர்க்யூ_வேக்_திரெட் என்று திருப்ப வேண்டும்.

நெட்வொர்க் டிரைவரில் நேப்பி (பாக்கெட்டுகளை இன்டரப்ட்டுக்குப் பதில் சுற்றிப் பார்த்து எடுக்கும் முறை) இருந்தால், போல் சுழற்சி ஓடும்போது கருவியின் இன்டரப்ட் மூடியிருக்கட்டும். நேப்பி_கம்ப்ளீட்_டன் உண்மை என்று திருப்பினால் மட்டும் திறங்கள்.

ஹேண்ட்லருக்குள் டிஸேபிள்_ஐஆர்க்யூ வேண்டாம். அது ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியக் காத்திருக்கும், அந்த ஹேண்ட்லர் நீங்களேதான். இன்னொன்று: டிஸேபிள்_ஐஆர்க்யூ பெரும்பாலும் லைனை உடனே மூடுவதில்லை. அடுத்த எட்ஜ் வரும்போதுதான் மூடி, வந்ததைக் குறித்துவைக்கும். எனேபிள்_ஐஆர்க்யூ சொன்னதும் அந்தப் பழைய எட்ஜ் மறுபடி அனுப்பப்படும். கருவியில் அப்போது எதுவும் இருக்காது. இதைப் பிழையாக எண்ணித் துரத்த வேண்டாம்.

படி 7: உறக்கமும் விடைபெறுதலும்

ரன்டைம் சஸ்பெண்டில் கருவியின் கிளாக் நின்றிருக்கும்போது பகிர்ந்த லைனில் பக்கத்துக் கருவி இன்டரப்ட் தரும். உங்கள் ஹேண்ட்லரும் அழைக்கப்படும். சில சிப்புகளில் கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைப் படித்தால் பஸ் பிழையில் கெர்னலே விழும். சஸ்பெண்ட் ஆகும் முன் ஒரு ஃபிளாகைக் குறித்துவைத்து, ஹேண்ட்லர் ரெஜிஸ்டரைத் தொடும் முன் அதைப் பார்க்கட்டும்.

டிரைவரை இறக்கும் ரிமூவ் வரிசை: எனேபிள் 0, திரும்பப் படிப்பு, ஃப்ரீ_ஐஆர்க்யூ, வொர்க் க்யூ மற்றும் டைமர் ரத்து, அதன் பிறகே நினைவகம். டெவ்எம் வகைப் பதிவு (வளங்களைக் கெர்னலே தானாக விடுவிப்பது) பயன்படுத்தினால் இந்த வரிசை தெரியாமல் உடையும். டெவ்எம் வளங்கள் ரிமூவ் சார்பு முடிந்த பின்தான் விடுபடும். நீங்கள் கையால் விடுவித்த பஃபரை ஹேண்ட்லர் இன்னும் தொடலாம். ஒன்று, எல்லாவற்றையும் டெவ்எம் ஆக்குங்கள். இல்லையேல் இன்டரப்ட்டைக் கையால் விடுவியுங்கள்.

படி 8: முடிந்தால் லைனையே விட்டுவிடுங்கள்

பிசிஐ எக்ஸ்பிரஸ் கருவி எம்எஸ்ஐ (லைனுக்குப் பதில் செய்தியாக வரும் இன்டரப்ட்) அல்லது அதன் விரிவான எம்எஸ்ஐ-எக்ஸ் தந்தால் அதையே எடுங்கள். எம்எஸ்ஐயில் 32 வெக்டர் வரை, எம்எஸ்ஐ-எக்ஸில் 2,048 வரை. இன்டரப்ட் ஒரு நினைவக எழுத்தாகவே வருவதால் பகிர்வு இல்லை, இறங்காத லைன் இல்லை. படி 5இன் இரட்டை நுழைவும் இல்லை.

எட்ஜுக்குரிய குணம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். பல கருவிகள் ஸ்டேட்டஸ் பூஜ்யத்திலிருந்து எழும்போது மட்டுமே செய்தி அனுப்பும். ஆகவே பூஜ்யம் ஆகும் வரை, ஓர் உச்சவரம்புடன், சுற்றிப் படிக்க வேண்டும். அப்படிச் சுற்றும்போது, செய்தி வந்து காத்திருக்கும் நிகழ்வையும் முன்கூட்டியே முடித்துவிடுவோம். அடுத்த அழைப்பு வெறுமையாக இருக்கும். எப்போதாவது ஒன்று இப்படி வருவது ஆரோக்கியம்தான்.

படி 9: கம்பியில் இருக்கும் கோளாறு

எங்கும் இணைக்காமல் மிதக்கும் பின், காற்றில் உள்ள இரைச்சலையெல்லாம் எட்ஜாக எண்ணும். கருவி கீழே மட்டும் இழுக்கும் ஓப்பன்-டிரெயின் லைனுக்கு 4.7 கிலோ ஓம் அல்லது 10 கிலோ ஓம் புல்-அப் போடுங்கள். சிப்புக்குள்ளே இருக்கும் புல்-அப் பெரும்பாலும் பல பத்து கிலோ ஓம்; நீண்ட கம்பிக்கு அது போதாது. 1,000 பிக்கோஃபாரட் மின்தேக்கம் உள்ள கேபிளை 47 கிலோ ஓம் இழுத்தால் நேர மாறிலி 47 மைக்ரோ விநாடி. கருவி லைனை விட்ட பிறகும் அவ்வளவு நேரம் தாழ்ந்தே தெரியும். நிஜத்துக்குப் பின் ஒரு வெற்று, படி 5இன் அதே அறிகுறி. திரும்பப் படித்தும் தீராவிட்டால் சந்தேகம் இங்கே திரும்பட்டும். 4.7 கிலோ ஓம் போட்டால் 4.7 மைக்ரோ விநாடியாகச் சுருங்கும்.

பொத்தான், ரிலே தொடுமுனைக்கு 10 கிலோ ஓமும் 100 நானோஃபாரட்டும் சேர்ந்தால் 1 மில்லி விநாடி வடிகட்டல் கிடைக்கும். மெதுவாக ஏறும் அந்த அலையை, ஏறவும் இறங்கவும் வேறு வேறு எல்லை வைக்கும் ஷ்மிட் டிரிகர் உள்ளீட்டுக்குத்தான் தர வேண்டும், இல்லையேல் வடிகட்டியே புது எட்ஜுகளை உண்டாக்கும்.

கன்ட்ரோலரே அனுப்பும் போலிகள்

இவை டிரைவரின் தவறல்ல, கீழ்நிலை நிரல் எழுதுவோருக்கு மட்டும். பழைய பிசிகளின் இன்டரப்ட் கன்ட்ரோலரான 8259 பிஐசியில், சிபியூ ஒப்புக்கொள்ளும் முன் லைன் இறங்கிவிட்டால் ஐஆர்க்யூ 7 அல்லது 15 வரும். அந்த பிஐசியின் ஐஎஸ்ஆர் (இன்-சர்வீஸ்; படி 5இன் ஐஎஸ்ஆர் அல்ல) ரெஜிஸ்டரின் 7ஆவது பிட் 0 என்றால் போலி. 7க்கு முடிவுச் செய்தி அனுப்பக் கூடாது, 15க்கு முதன்மை பிஐசிக்கு மட்டும் அனுப்ப வேண்டும். ஜிஐசியில் ஒப்புகை ரெஜிஸ்டர் 1023 என்று தந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

படி 10: சோதனை

கெர்னலை கான்ஃபிக்_டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூ இயக்கிக் கட்டுங்கள். பகிர்ந்த ஹேண்ட்லரை விடுவிக்கும்போது கெர்னலே ஒரு போலி அழைப்பைத் தரும். ரிமூவ் வரிசை பிழையாக இருந்தால் அங்கேயே விழும். பிறகு டிரைவரை முழுச் சுமையில் ஓடவிட்டு, நூறு முறை ஏற்றி இறக்கி, ஸ்பூரியஸ் கோப்பைப் பாருங்கள். இடைவிடாமல் ரிலீஸ் செய்யும் குழுவில் இதைத் தானியங்கிச் சோதனையாக்கிவிடலாம்.

ஐஆர்க்யூபோல், ஐஆர்க்யூஃபிக்ஸ்அப் என்ற பூட் விருப்பங்கள் களத்தில் நின்றுபோன இயந்திரத்தை எழுப்ப மட்டும். ஐஆர்க்யூஃபிக்ஸ்அப் போட்டால் யாரும் ஏற்காத இன்டரப்ட் வரும்போது மற்ற பகிர்வு ஹேண்ட்லர்களையும் கெர்னல் தேடி அழைக்கும். ஐஆர்க்யூபோல் ஒவ்வொரு டைமர் இன்டரப்ட்டிலும் அதைச் செய்யும், வேகம் விழும். நோஐஆர்க்யூடீபக் விருப்பமோ அந்த 99,900 கணக்கையே நிறுத்திவிடும். சோதனை மேசையில் அதைப் போட்டு டிரைவர் 'சரியாகிவிட்டது' என்று பேட்ச் அனுப்பாதீர்கள்.